ஓர் இமைக்கான ஷேட் அப்ரூவல்

நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் நாள் அறுவை அரங்கில் ஒரு தையல் ஊசி முறிந்தது.

கட்டிங் மெஷினில் விரல் நரம்புகளை அறுத்துக்கொண்ட ஒருவரின் கையைத் தைத்துக்கொண்டிருந்தேன். கை மட்டும் மரத்திருந்தது, ஆள் விழித்திருந்தார். முறிந்த இரண்டு துண்டுகளையும் இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த ஊசிக்குக் கையை நீட்டினேன். எதுவும் வரவில்லை.

"ராக்கையா சார் வந்தாத்தானுங்க சார் அடுத்த ஊசி" என்றாள் செவிலியர் சுபஸ்ரீ.

படுத்திருந்தவருக்கு என்னைவிட முன்னதாகப் புரிந்துவிட்டது. "ஊசி ஒடஞ்சு போச்சுங்களா? அப்ப நீங்க டீ குடிச்சுப்போட்டு வாங்க சார். நேரமாகும்" என்றார்.

ராக்கையா பெரிய பதிவேடு ஒன்றும் ஒரு காந்தமும் கொண்டு வந்தார். முறிந்த துண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒட்டுநாடாவால் ஒட்டினார். பூதக்கண்ணாடியால் பார்த்தார். முனையில் ஒரு துணுக்குக் குறைகிறது என்றார். தரையெல்லாம் காந்தம் ஓடியது. கடைசியில் அந்தத் துணுக்கு என் கையுறையில் இருந்தது. அதையும் ஒட்டிவிட்டு, தேதி, நேரம், மெஷின் எண் எழுதினார். மெஷின் எண் என்ற இடத்தில் நோயாளியின் படுக்கை எண் வந்தது.

"ஆபரேட்டர் பேரு?"

"நான் டாக்டர்."

"ஆபரேட்டர்னுதான் சார் கட்டம் இருக்கு. டாக்டர்னு கட்டம் இல்ல."

என் பெயரைச் சொன்னேன். மாரிச்செல்வம், ஆபரேட்டர் என்று எழுதிக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து எனக்குப் புதிய ஊசி கிடைத்தது.

நான்கு நாள் கழித்து அந்த மனிதர் வீட்டுக்குக் கிளம்பியபோது, வாசலில் மெட்டல் டிடெக்டர் அவர் தொடையருகே கத்தியது. பழைய பைக் விபத்தில் வேறொரு மருத்துவமனை வைத்த கம்பி அது. "கம்பி உள்ள இருக்குற பீஸை வெளிய விடுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் ராக்கையா. கம்பி வைத்தவர்களிடமிருந்து கடிதம் வரும்வரை ஒன்றரை நாள் அந்த மனிதர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொடுத்தார்கள். அதை நான் மறைக்கக் கூடாது.

இந்த மருத்துவமனையின் பெயர் நூலாம்பிகை அறக்கட்டளை மருத்துவமனை. பல்லடம் சாலையில் இருக்கிறது. தொழிற்சாலைகளில் கை நசுங்குகிறவர்களுக்கும் சாயப்பட்டறை நீராவியில் வெந்துபோகிறவர்களுக்கும் என்று பனியன் ஏற்றுமதியாளர்கள் சிலர் சேர்ந்து கட்டியது. சேர்மன் சசிகுமார். தன் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு முறையை எழுத்து மாறாமல் மருத்துவமனைக்கு எடுத்து வந்தது தன் வாழ்நாள் சாதனை என்று அவர் நினைத்தார். ராக்கையா அவருடைய கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் க்யூசி. இப்போது எங்கள் தர மேலாளர்.

ஊசி விஷயத்தைச் சேர்மனிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் பார்த்ததில்லை.

"டாக்டர், முப்பது வருசமா சரக்கு அனுப்பறனுங்க. ஒரு பீஸ்ல ஊசி மொனை இருந்து, அங்க ஒரு கொழந்தைக்குக் குத்திப்போட்டா மொத்த கன்டெய்னரும் திரும்பி வந்துருமுங்க. அந்தப் பயத்துலதான் நாங்க தரமா இருக்கறோம். ஆசுபத்திரிக்காரங்களுக்கு அந்தப் பயமே இல்லீங்க. போன ஆளு திரும்பி வந்தா சந்தோசப்படறாங்க."

"மனுஷ உடம்பும் துணியும் ஒண்ணு இல்லீங்களே."

"ஒண்ணுன்னு நான் சொல்லலீங்க. துணி வேர்க்காது."

பதில் தோன்றாதபோது பேசாமல் இருப்பது என் வழக்கம். தோன்றும்போதும் பெரும்பாலும் அப்படித்தான்.

பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம் நதியா வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. சேர்மன் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தவள். ஒரு நாளைக்கு ஆயிரம் பனியன்கள் அவள் கண் வழியாகப் போகும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வது அவள் வேலை. கறை எடுக்கும் மேசையில் ஆள் வராத ஒரு நாள் அவளை அங்கே நிற்கவைத்திருக்கிறார்கள். தின்னர் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அயர்ன் சுவிட்சில் பொறி தட்டியது. முகத்தின் வலப்பக்கம் வெந்தது. கண்ணுக்குள் எதுவும் படவில்லை. அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஐந்து வாரத்தில் புண் ஆறியது. ஆறுகிற தோல் சுருங்கும்; சுருங்கும்போது அக்கம்பக்கத்தில் இருப்பதைப் பிடித்து இழுக்கும். வலது மேலிமையை அது நெற்றியை நோக்கி இழுத்துவிட்டது. கண்ணை மூட முடியவில்லை.

"தூங்குறாளா முழிச்சிருக்காளான்னே தெரிய மாட்டேங்குது சார்" என்றான் அவள் கணவன் காசிமாயன். வேறொரு கம்பெனியில் டெய்லர். "நான் பாட்டுக்கு ஊர்க்கதையெல்லாம் பேசிக்கிட்டிருக்கேன். பாத்தா தூங்கிருக்கா."

"முழிச்சுத்தான் இருந்தேன். ஒன் கதைக்கு அதுதான் மரியாதை" என்றாள் நதியா.

மூடாத கண் காயும். காய்ந்தால் கருவிழி புண்ணாகும். புண் வெள்ளையானால் பார்வை போகும். மருந்தும் கண்ணாடி மூடியும் போட்டுச் சில வாரம் தள்ளலாம், அதற்கு மேல் முடியாது. செய்ய வேண்டியது ஒரு மணி நேர வேலை: சுருங்கிய இடத்தைக் கீறி இமையை இறக்கிவிட்டு, கையின் உட்புறத்திலிருந்து சிறிது தோலெடுத்து அந்த இடைவெளியில் ஒட்டுவது. பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கிற எவரும் முதலில் கற்றுக்கொள்கிற வேலைகளில் ஒன்று.

"நாளைக்குக் காலைல பண்ணிடலாம்" என்றேன்.

சுபஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டு, "முகமுங்க சார். முகம்னா குழுவுக்கு ஃபைல் போகணும்" என்றாள்.

அதன் பெயர் தோற்றத் தர நிர்ணயக் குழு. வெள்ளிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடும். சேர்மன், ராக்கையா, சாயப்பட்டறை லேப் மாஸ்டர், சேர்மனின் மைத்துனர் ஆகியோர் உறுப்பினர்கள். மைத்துனர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் சிறப்பு அழைப்பாளர்.

குழுவுக்கு முன் ராக்கையாவின் பார்வை உண்டு. கம்பெனியில் குறையுள்ள துணியில் ஒட்டுவார்களே, சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள், அந்தச் சுருளோடு அவர் வார்டுக்கு வந்தார். நதியாவின் முகத்தில் தழும்புகளைச் சுட்டிப் பதினொரு அம்புகள் ஒட்டினார். பன்னிரண்டாவதை இடது கன்னத்து மச்சத்துக்கு ஒட்டினார்.

"அது பொறந்தப்பவே இருக்கு சார். எங்கம்மாவுக்கும் இருக்கு" என்றாள்.

"அப்படியா." அம்பைப் பிய்த்தார். "அப்ப அது மில் டிபெக்டு. துணி வரும்போதே இருந்தா நம்ம கணக்குல வராது."

நதியா சிரித்தாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அம்புகள் அசைந்தன.

முதல் வெள்ளிக்கிழமை நான் விளக்கினேன். சேர்மன் கேட்டார்: "தோல் எங்கிருந்து எடுப்பீங்க?"

"மேல்கையின் உள்பக்கம்."

"மூணு ஆப்ஷன் குடுங்க. ஏ, பி, சி."

"வெட்டியெடுத்துக் காட்ட முடியாதுங்க."

"அட, வெட்டச் சொல்லுவனுங்களா? கலரு மட்டும் போதும். நம்ம லேப் மாஸ்டர் எதுக்கு இருக்காரு?"

லேப் மாஸ்டர் வந்து, காதுக்குப் பின்புறம், கை, தொடை என்று மூன்று இடங்களிலும் ஒரு கருவியை வைத்துக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அந்த மூன்று நிறங்களிலும் சாயமேற்றிய பனியன் துணித்துண்டுகள் வந்தன. ராக்கையா ஒவ்வொன்றாக அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார். நதியா ஒரு துண்டை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழுத்தாள். பழக்கம்தான்.

"சார், இந்த பி-ல ஒரு ஹோல் இருக்கு."

எல்லோரும் பார்த்தார்கள். ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அந்தக் காய்ந்துபோன கண்ணால்தான் பார்த்திருந்தாள். சேர்மன் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா டாக்டர், இதுதான் நம்ம கம்பெனி ட்ரெய்னிங்" என்றார். ஓட்டையுள்ள துண்டில் முடிவெடுக்க முடியாது என்பதால் மூன்றையும் மறுபடி சாயமேற்ற அனுப்பினார்கள். ஒரு வாரம் போனது.

மறு வாரம் வேறு சிக்கல் வந்தது. ஆறிய தழும்பு நிறம் மாறிக்கொண்டேயிருக்கும். முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. துண்டு வருவதற்குள் முகம் மாறிவிட்டது. லேப் மாஸ்டர் கைவிரித்தார். ஸ்டாண்டர்டு எதுவென்று தெரியாமல் அவர் எதற்குப் பொருத்துவார்?

"தீப்பிடிக்கறதுக்கு முந்தின கலருதானுங்க ஸ்டாண்டர்டு" என்றார் சேர்மன். "போட்டோ இருக்குமல்லங்க."

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அதில் நதியாவும் பின்னாலிருந்த சுவரும் ஒரே நிறம். கம்பெனி அடையாள அட்டையில் அவள் நீலமாக இருந்தாள். மைத்துனர் அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார். "கல்யாண ஆல்பம் இருக்குமுங்க."

காசிமாயன் ஆல்பத்தை ஒரு கட்டைப்பையில் வைத்து எடுத்துவந்தான். உசிலம்பட்டி ஸ்டுடியோக்காரர் கைவண்ணத்தில் நதியா அதில் ஆப்பிள் நிறத்தில் இருந்தாள். காசிமாயனும் அப்படித்தான் இருந்தான். பின்னாலிருந்த வாழைமரம்கூடச் சற்றுச் சிவந்திருந்தது. குழு அந்தப் படத்தை ஏகமனதாக ஸ்டாண்டர்டாக ஏற்றுக்கொண்டது. ராக்கையா பின்பக்கம் முத்திரை குத்தி ஆல்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இந்த நிறத்துல அவங்க உடம்புல எங்கேயும் தோல் இல்லீங்க" என்றேன்.

"அதுக்குத்தானுங்களே உங்கள வச்சிருக்கறோம்" என்றார் சேர்மன். ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே என்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

"சார், கலரு எதுன்னாலும் பரவால்ல" என்றாள் நதியா. "பச்சையா இருந்தாலும் சரி. மூடுனாப் போதும். ஃபேன் காத்து பட்டா மொளகாத்தூள் போட்ட மாதிரி இருக்கு."

"அது உங்க அபிப்பிராயமுங்க கண்ணு" என்றார் சேர்மன் கனிவாக. "நம்மளுக்குப் பையர்தான், சரக்கு வாங்கறவங்கதான் முக்கியம். பையர்னா நீங்க இல்லீங்க, டாக்டரும் இல்ல. நாளைக்கு ரோட்டுல உங்க மொகத்தப் பாக்கறாங்க பாருங்க, அவங்கதான் பையர். அவங்க மொகஞ் சுளிச்சா அது நமக்கு ரிட்டர்ன்."

நான் தற்காலிகமாக இரண்டு இமைகளையும் சேர்த்து இரண்டு தையல் போட அனுமதி கேட்டேன். ஐந்து நிமிட வேலை. கண் மூடியிருக்கும், அவர்கள் ஆற அமர நிறம் பார்க்கலாம். ராக்கையா யோசித்தார்.

"தையலைப் பிரிச்சா ஊசித் தொளை தெரியுமா?"

"சின்னப் புள்ளியா தெரியும். ஆறிடும்."

"நீடில் ஹோல், மேஜர் டிபெக்டு சார். எங்க ரூல்படி ஒண்ணு இருந்தாலும் ரிஜெக்‌ஷன்."

கோயம்புத்தூர் அரசு மருத்துவமனைக்காவது அனுப்பிவிடுகிறேன் என்றேன். அதற்கு ராக்கையாவிடம் படிவம் இருந்தது. வெளி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் அனுப்பும் செலான். அனுப்பும் சரக்கு எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை நாளில் திரும்ப வரும், வேஸ்ட்டேஜ் எத்தனை சதவீதம் என்று கட்டங்கள். நிரப்பிக் கொடுத்தேன். வேஸ்ட்டேஜ் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். சேர்மன் திருப்பி அனுப்பியிருந்தார்: பாதி முடிந்த சரக்கை வெளியே அனுப்பினால் நம் பெயர் கெடும்.

நீங்களே கிளம்பிப் போய்விடுங்கள் என்று காசிமாயனிடம் தனியாகச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "சேர்மன் சார் ஆஸ்பத்திரில இருந்து சொல்லாமக் கொள்ளாமப் போனா, அவ வேலை என்னாகுறது சார்? அதுவும் நீங்க இருக்கீகல்ல. நம்ம ஊர்க்காரவுக வேற."

நான் அருப்புக்கோட்டைக்காரன். அன்று அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு வருகை அறிவிக்கப்பட்டது. சேர்மனிடம் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து மூன்று பேர், தொழிலாளர் நலத்தை நேரில் பார்க்க வருகிறார்கள். நதியாவைக் காட்டலாம் என்று குழு தீர்மானித்தது. எனக்கு மகிழ்ச்சிதான். அப்படியென்றால் சீக்கிரம் அறுவைக்கு விடுவார்கள்.

"இல்லீங்க டாக்டர்" என்றார் சேர்மன். "அவங்க வந்து இப்ப இருக்கற நெலமையப் பாக்கோணும். பாத்துட்டுப் போன பின்னாடி பண்ணுங்க, அப்பறம் போட்டோ அனுப்பலாம். அவங்க பாத்த பின்னாடி பண்ணுனா அது சேவை. பாக்கறதுக்கு முந்தியே பண்ணிப்போட்டா வெறும் வைத்தியந்தானுங்களே."

வருகை பன்னிரண்டாம் தேதி என்றார்கள். பத்தொன்பதாம் தேதிக்குப் போனது. பிறகு இருபத்தாறு, அதற்குப் பின் தேதியே சொல்லவில்லை. விமானம், விசா, எங்கோ ஒரு வேலைநிறுத்தம். ஒவ்வொரு முறையும் வாசலில் கோலம் போட்டு அழித்தார்கள். நதியாவுக்குத் தினமும் முகம் கழுவிப் புது அம்புகள் ஒட்டப்பட்டன. பழையவை வியர்வையில் உதிர்ந்துவிடும்.

இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, கருவிழியின் கீழ் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். கடுகளவு இருந்தது.

அவசரம் என்று எழுதி ஃபைலை அனுப்பினேன். மாலையில் போய்க் கேட்டபோது, ராக்கையா ஒரு தனி அலமாரியைக் காட்டினார். "அர்ஜென்ட் எல்லாம் இதுல வச்சிருவோம் சார். திருப்பூர்ல அர்ஜென்ட் இல்லாத ஃபைலே கெடையாதுல்ல. வெள்ளிக்கெழம மொத்தமாப் பாத்துருவாங்க."

"கண் போயிரும் ராக்கையா."

அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "சார், நான் இருபத்திரண்டு வருசமா அப்ரூவல் இல்லாத கட்டிங்கை ஒரு தடவகூட விட்டதில்ல. ஒரு தடவகூட. எம்மேல ஒரு கம்ப்ளைன்ட் கெடையாது." பெருமையாகச் சொல்லத் தொடங்கினார், முடிக்கும்போது அவர் குரலில் வேறு ஏதோ இருந்தது. "எனக்கு வேற எதுவும் தெரியாது சார்."

நான் வார்டுக்குத் திரும்பினேன். சுபஸ்ரீ பின்னாலேயே வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சார், தியேட்டர் சும்மாதானுங்க கெடக்குது. ஊசிதான தர மாட்டாங்க? எதுத்தாப்பல மெடிக்கல்ல ஊசியோட நூல் கிடைக்குமுங்க. நான் வாங்கிட்டு வரட்டுங்களா?"

அவ்வளவு எளிதானதுதான். சாலையைக் கடந்தால் போதும். ஆறு வாரமாக நான் படிவங்கள் நிரப்பிக்கொண்டிருந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக் கடை இருப்பது எனக்குத் தோன்றவில்லை.

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. யோசிப்பதாக நினைத்துக்கொண்டேன். சன்னலருகே நின்று பல்லடம் போகும் பஸ்களைப் பார்த்தேன். விதியை மீறினால் என்னாகும், மீறாவிட்டால் என்னாகும், வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தானே, மருந்தைக் கூட்டினால் தாங்காதா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். சுபஸ்ரீ சற்று நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். புதன்கிழமையும் அவள் கேட்டாள். புதன்கிழமையும் நான் யோசித்தேன். குழுவைக் கேலி செய்ய எனக்கு நிறையக் கிடைக்கிறது. இந்த மூன்று நாளை எந்தக் குழுவும் என்னிடமிருந்து கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புள்ளி உளுந்தளவு ஆகியிருந்தது. நதியா, "சார், ஒரு பக்கம் பனி பெய்யுற மாதிரி இருக்கு" என்றாள்.

சாலையைக் கடந்து நானே ஊசி வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க ஆசுபத்திரில இல்லீங்களா?" என்று கேட்டார். மாலை நான்கு மணிக்குக் குழு மாடியில் கூடியபோது, கீழே சுபஸ்ரீயும் நானும் இமையை இறக்கினோம். கையிலிருந்து தோலெடுத்து ஒட்டினோம். ஐம்பது நிமிடம். ஊசி ஒன்றும் முறியவில்லை. மேலே அவர்கள் சி ஆப்ஷனைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அவளை என் காரிலேயே கோயம்புத்தூருக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிச்சென்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போன வாரமே வந்திருக்கலாமே டாக்டர், செவ்வாய், புதன் வாக்குல" என்றார். கிருமி உள்ளே போய்விட்டது, பார்வை திரும்பாது, விழியை மட்டும் காப்பாற்றலாம் என்றார். காப்பாற்றினார்.

அனுமதியில்லாமல் கட்டிங் போட்டதற்காக எனக்கு விசாரணை நடந்தது. சேர்மன் அன்றும் குரலை உயர்த்தவில்லை. மனம் வருந்தியிருந்தார். "நீங்க எம்மேல நம்பிக்க வெக்கலீங்க டாக்டர்" என்றார். ஆறு வாரம் கழித்து முடிவு சொல்வதாகத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒட்டுகளில் அதுபோல் இன்னொன்று அமையவில்லை. விளிம்பு தெரியவில்லை; நிறம் கன்னத்தோடு கலந்துவிட்டது. ராக்கையா அம்புச் சுருளோடு வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஓர் அம்பும் ஒட்டாமல் போனார். குழு எனக்கு முன்தேதியிட்டு அப்ரூவல் வழங்கியது. விசாரணை கைவிடப்பட்டது. பார்வை பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை; அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள் ஆனியில் வந்தார்கள். சேர்மன் நதியாவை முன்னால் நிறுத்திப் பேசினார்.

"இந்தப் பொண்ணு கண்ண மூட முடியாம வந்துச்சுங்க. இன்னைக்கு மூடுது. நாங்க அவசரப்படலீங்க. அவசரப்பட்டிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும். தரம்னா என்னங்க? பொறுமை. இந்தப் பொண்ணு எங்களுக்காகப் பொறுத்துச்சு, நாங்க இந்தப் பொண்ணுக்காகப் பொறுத்தோம்."

அதை யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் எடுக்க வந்தவன் கேமராவைத் தாழ்த்திவிட்டுச் சேர்மனின் காதில் ஏதோ சொன்னான். வலது கண் வெள்ளையாக விழுகிறதாம். சேர்மன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"கண்ண மூடிக்க கண்ணு. ரெண்டையும். மூடறதுக்குத்தானுங்களே ஆபரேசன் பண்ணுனது? மூடுனாத்தான் வேலை தெரியும்."

நதியா மூடினாள். இரண்டு இமைகளும் ஒன்றுபோல இருந்தன. எது பழையது, எது நான் ஒட்டியது என்று எனக்கே ஒரு கணம் குழம்பியது.

அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, வரவேற்புக் கூடத்தில் மாட்டினார்கள். கீழே பித்தளைத் தகட்டில்: 'நதியா – எங்கள் தரத்தின் முகம்'. தகடு சிறியது, தூரத்திலிருந்து படிக்க முடியாது.

நதியா இப்போது செக்கிங்கில் இல்லை. துணி மடிக்கிற கைமடியில் போட்டிருக்கிறார்கள். மடிக்க ஒரு கண் போதும் என்று கம்பெனியில் சொன்னார்களாம். மாதம் ஒருமுறை என்னிடம் காட்ட வருவாள். போன முறை அவளை அறைக்கு அழைத்துப்போக நான் கூடத்துக்கு வந்தபோது, தலையில் முக்காடிட்டுத் தன் படத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. நெற்றியில் குங்குமம். முன்னால் இரண்டு ஊதுபத்திகள் பாதி எரிந்திருந்தன.

கூட்டிப் பெருக்குகிற மயிலாள் ஸ்டூலில் ஏறி மாலையை நேராக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இறங்கி நதியாவைப் பார்த்தாள். வேலைக்காரியின் சங்கோசத்தோடு சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"யாரு பெத்த புள்ளையோ கண்ணு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ஒரு மொழம் பூவு நான்தான் போடறது. மாலை ஆராச்சும் கொண்டாந்து குடுக்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளைங்களா?"

"தெரியும்" என்றாள் நதியா.

"நோவு நொடி இல்லாம போயிருக்கும் போலருக்குது. மொகத்தப் பாத்தாலே தெரியுது பாருங்க. தூங்கறாப்புலயே இருக்குது."

"நோவு இருந்துச்சுக்கா."

மயிலாள் நாக்கைத் தட்டினாள். "கடேசில பக்கத்துல ஆராச்சும் இருந்தாங்களாக்கு?"

நதியா திரும்பினாள். நான் வந்து நிற்பதை அவள் முன்பே அறிந்திருக்க வேண்டும். இடது கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"இருந்தாங்க" என்றாள். "இந்தா, சாரும் இருந்தாரு."